ஆனையிறவில் விளையும் உப்பு

கடல்நீர் வற்றினால் உப்பு மிஞ்சும் என்பதைப் பாலரும் அறிவர். ஆயினும் மிஞ்சுவது பல உப்புக்களின் கலவை என்பதையும், அதிலிருந்து கறிக்குரியதை மாத்திரம் பிரித்தெடுப்பதே உப்பளத்தாரின் வித்தை என்பதையும் இலங்கையின் வடபாலுள்ள ஆனையிறவு உப்பளப் பாத்திகளின் வரம்பில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களே நன்குணர்வர்.

ஒரு கிலோகிராம் சமுத்திர ஜலத்தில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் முக்காற் பங்குக்கு மேற்பட்டது சோடியம் குளோரைட்டு, அதாவது கறியுப்பு. ஏனையவற்றுள் பெரும்பாலானவை மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் ஆகியவற்றின் உப்புக்கள். 'சலஞ்சர்' என்னும் ஆராய்ச்சிக் கப்பல் உலகக் கடல்களிலிருந்து கொணர்ந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்தாராய்ந்த டிட்மார் என்னும் இரசாயனர், உவர்ப்பு இடத்துக்கிடம் கூடிக் குறைந்தாலும் பிரதான உப்புக்களின் விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லையென 1884இல் வெளியிட்டார்.

பாத்திகளில் தேக்கிய கடல்நீர் வெயிலிலும் சோளகக் காற்றிலும் வற்றுந்தோறும், கரையும் ஆற்றல் குறைந்தவை முந்திப் பிரிகின்றன. முதலிற் படிவது கல்சியம் காபனேற்று. நீர் ஐந்திலொரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம். பத்திலொரு பங்காகும்போதுதான் உப்பு விளையத் தொடங்கும். அப்பொழுது குனிந்து நோக்கினால், நடுவே குழிந்த சிறுசிறு சதுரப் பளிங்குகள் நீரின்மேல் மிதந்து, பாரமேறியதும் ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்வதைக் காணலாம். இதற்குமேல் ஆசைப்பட்டு நீர் முழுவதையும் வற்றவிட்டால் காரியம் கெடும். ஏனெனில் கடைசி நீரில் திரண்டிருக்கும் மகனீசியம் குளோரைட்டு கசப்பது. காற்றின் ஈரத்தையும் உறிஞ்சுவது. மாரியில் அடுப்படிச் சாடியிலே உப்புக் கசிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகையால் அந்நீரை வெளியேற்றி, வாரிய உப்பைக் குவித்து வடியவிடுகின்றனர்.

பழங்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கரணவாய்ப் பகுதியில், பாத்தி கட்டாமலே தானாக விளைந்த உப்பைக் கொண்டுசெல்லவே சோழப் படைத்தலைவனான கருணாகரத் தொண்டைமான் தொண்டைமானாற்றை வெட்டுவித்தான் என்பது கர்ணபரம்பரை. உப்புக்காக ஆறு வெட்டினான் என்றால் அதன் மதிப்பை நாமே ஊகிக்கலாம்.

சென்ற நூற்றாண்டில் ஆனையிறவு உப்புக்கு வேறொரு கதியும் வாய்த்தது. ஆனையிறவுக்குத் தெற்கே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் உப்புக் கரைசலினூடே மின்சாரத்தைச் செலுத்தி, சவர்க்காரத்துக்கு வேண்டிய எரிசோடாவையும் குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரீனையும் பிரித்தெடுத்தார்கள். உள்நாட்டு யுத்தகாலத்தில் தொழிற்சாலையும் உப்பளமும் நின்றுபோயின. உப்பளம் மட்டும் திரும்பவும் இயங்குகின்றது. பரந்தனை மறந்து உப்பளத்தை மட்டும் விரிப்பது அரைவேலை என்பதே என் துணிபு.