டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்: ஜாவா ஆப்ஜெக்டுக்குத் துணை வந்து சேரும் வழி

ஜாவா நிரலில் ஓர் ஆப்ஜெக்ட் தன் வேலையை முடிக்க இன்னோர் ஆப்ஜெக்டைச் சார்ந்திருப்பது வழக்கம். அந்தத் துணையைத் தானே உண்டாக்காமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் முறையே டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்.

அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டை போன்ற ஒரு பேரூராட்சிக்குச் சொத்துவரி நிரல் எழுதுவதாகக் கொள்ளலாம். பணம் வரவானதும் ‘வரிவசூல்’ என்ற கிளாஸ் வீட்டுக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அந்தக் கிளாஸுக்குள்ளேயே ‘நியூ’ போட்டு எஸ்எம்எஸ் ஆப்ஜெக்டை உண்டாக்கினாலும் நிரல் ஓடத்தான் செய்யும். தொல்லை பிறகு வரும். சோதித்துப் பார்க்கும்போதுகூட யாரோ ஒருவரின் கைபேசிக்குச் செய்தி போய்விடும். நாளை மின்னஞ்சல்தான் வேண்டும் என்றால், வசூல் கணக்கு இருக்கும் கோப்பையே திறந்து திருத்த வேண்டும். இதைத் தவிர்க்க ‘அறிவிப்பான்’ என்று ஓர் இன்டர்ஃபேஸ் வைத்து, வரிவசூலின் கன்ஸ்ட்ரக்டர் அதைக் கேட்கும்படி எழுதுவார்கள். வருவது எஸ்எம்எஸ்ஸா, மின்னஞ்சலா, சோதனைக்கான போலியா என்பது வரிவசூலுக்குத் தெரிய வேண்டியதில்லை.

துணையைக் கொண்டுவந்து சேர்ப்பது ஃபிரேம்வொர்க்கின் பொறுப்பு. 2002-இல் ராட் ஜான்சன் எழுதிய புத்தகத்தின் நிரல்களிலிருந்து வளர்ந்த ஸ்பிரிங் என்ற ஃபிரேம்வொர்க், 2004 மார்ச்சில் 1.0 பதிப்பாக வந்தது. துணையை வெளியிலிருந்து பெறும் இம்முறைக்கு இன்றைய பெயர் நிலைத்ததும் அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரையால்தான். ஸ்பிரிங்கின் கன்டெய்னர், எதற்கு எது துணை என்று நாம் எழுதிவைத்த அமைப்பைப் படித்து, எது முதலில் பிறக்க வேண்டும் என்று பார்த்து, அறிவிப்பானை உண்டாக்கி, பிறகு வரிவசூலின் கன்ஸ்ட்ரக்டரில் கொடுக்கிறது. அது பராமரிக்கும் ஆப்ஜெக்டுக்கு ‘பீன்’ என்று பெயர். வேறு விதமாகச் சொல்லாதவரை, கேட்கும் எல்லோருக்கும் அதே ஒரு பீன்தான் போகும்.

தொடக்கத்தில் அமைப்பு முழுவதும் எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்தது. ஓர் எழுத்துப் பிழையைத் தேடியே பொழுது போய்விடும். 2007-இல் வந்த 2.5 பதிப்பு, துணை வேண்டிய இடத்தை நிரலிலேயே காட்டும் ‘ஆட்டோவயர்ட்’ குறியைத் தந்தது. 2009-இன் 3.0, அமைப்பை ஜாவா கிளாஸாகவே எழுத வழிவிட்டது.

ஆட்டோவயர்டை நேரே ஃபீல்டின் மேல் போடுவது சுருக்கமாகத் தெரியும், ஆனால் கிளாஸுக்கு என்னென்ன தேவை என்பதை மறைத்துவிடும். கன்ஸ்ட்ரக்டர் வழியே நல்லது: பத்துத் துணை கேட்கும் கிளாஸ் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். இரண்டு கிளாஸ்கள் கன்ஸ்ட்ரக்டரில் ஒன்றையொன்று கேட்டால் ஸ்பிரிங் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். அறிவிப்பானுக்கு இரண்டு பீன்கள் இருந்து, எதன் பெயரும் கன்ஸ்ட்ரக்டர் கேட்கும் பெயரோடு பொருந்தாவிட்டால் அப்போதும் நிரல் எழாது. வசூலின் நடுவே நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். இரண்டு பீன்களில் ஒன்றுக்கு ‘பிரைமரி’ என்ற குறியிட்டோ, கேட்கும் இடத்தில் ‘குவாலிஃபையர்’ போட்டுப் பெயரைச் சொல்லியோ இதைச் சரிசெய்யலாம்.