புதுச்சேரியில் வாடகை வீடு: கையில் வர்ற சம்பளத்துக்கு எவ்வளவு தாங்கும்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)

போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டாங்க: "அண்ணா, கோரிமேட்டுல வேலை. கையில 28,000 வருது. எவ்வளவு வாடகைக்கு வீடு பார்க்கலாம்?" இன்னைக்கு அந்தக் கணக்கைத்தான் போடப் போறோம்.

எல்லாரும் சொல்றது 30 சதவீத விதி. அது எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல 1969-ல ஒரு சட்டம் போட்டாங்க. அரசுக் குடியிருப்புல இருக்கிறவங்ககிட்ட வருமானத்துல 25 சதவீதத்துக்கு மேல வாடகை வாங்கக் கூடாதுன்னு. 1981-ல அதை 30 ஆக்கினாங்க. ஊருக்குப் பணம் அனுப்பிட்டு, சீட்டும் கட்டுற நம்ம குடும்பத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை அது.

அதனால நான் தலைகீழா போடச் சொல்வேன். தள்ளிப்போட முடியாத செலவை முதல்ல கழிங்க. ஊருக்கு 6,000. வண்டித் தவணை 2,500. சாப்பாடு, கேஸ், பால் 7,000. போன், மருந்து, சில்லறைச் செலவு 2,500. சீட்டு 2,500. மொத்தம் 20,500. மிச்சம் 7,500.

கவனிங்க, இந்த 7,500 வாடகை இல்லை. கரண்ட், தண்ணி, பெட்ரோல் எல்லாம் இதுக்குள்ளதான். 30 சதவீத விதியோ வாடகைக்கு மட்டுமே 8,400 போகலாம்னு சொல்லும். அங்கதான் மாசக் கடைசியில கைமாத்து ஆரம்பிக்குது.

அடுத்தது, எந்த ஏரியா. ஒயிட் டவுனை மறந்துடுங்க. அங்க பழைய வீடுகள் பலதும் தங்கும் விடுதியாவும் உணவகமாவும் மாறிடுச்சு. சுற்றுலா வர்றவர் ஒரு ராத்திரிக்குக் கொடுக்கிற காசோட மாசச் சம்பளக்காரர் போட்டி போட முடியாது. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம்னு தேடுங்க.

வாடகை குறையுதுன்னு இன்னும் தள்ளி, வில்லியனூர் பக்கம் போறவங்க தூரத்தையும் கணக்குல சேர்க்கணும். போக வர தினம் 20 கிலோமீட்டர்னா, 26 நாளைக்கு 520. வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தா பதினொன்றரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னே வெச்சுக்கிட்டா 1,150 ரூபாய். அப்போ வாடகை 1,000 குறையுதுன்னு அவ்வளவு தூரம் போறதுல லாபமே இல்லை.

இப்போ அட்வான்ஸ். 2021-ல மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு ரெண்டு மாச வாடகைதான் உச்சவரம்புன்னு சொல்லுது. ஆனா அது மாதிரிச் சட்டம்தான். அந்தந்த மாநிலமோ யூனியன் பிரதேசமோ தனக்குன்னு சட்டமாக்கினாதான் செல்லும். நடைமுறையில அஞ்சு மாசம் கேட்கிறவங்க உண்டு. 6,000 வாடகைக்கு 30,000 ஆச்சு. அதை ரெண்டு வட்டிக்கு வாங்கினா மாசம் 600 வட்டி. அப்போ உங்க வாடகை 6,000 இல்லை, 6,600.

நான் இதைப் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முதல் வீட்டு அட்வான்ஸுக்கு அம்மா சங்கிலியை அடகு வெச்சேன். காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்கணும்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டார் வீட்டுக்காரர். ஒப்பந்தத்துல அதைப் பத்தி ஒரு வரி இல்லை, நானும் கேட்கலை. சங்கிலியை மீட்க மேற்கொண்டு நாலு மாசம் ஆச்சு. நீங்க பெயின்ட் செலவு யாருது, அட்வான்ஸ் எத்தனை நாள்ல திரும்ப வரும், ரெண்டையும் எழுதி வாங்கிடுங்க.

சிலர் லீஸுக்குக் கூப்பிடுவாங்க. அஞ்சு லட்சம் கொடுத்தா வாடகை இல்லைன்னு. அதே பணம் 7 சதவீத வட்டியில பேங்க்ல இருந்தா மாசம் 2,900 வரும். அதுதான் உங்க மறைமுக வாடகை. மலிவுதான். ஆனா அந்த வீட்டு மேல கடன் இருந்து பேங்க் ஏலத்துக்கு வந்தா, அஞ்சு லட்சமும் சிக்கல்ல மாட்டும். வில்லங்கச் சான்று எடுங்க, மூலப் பத்திரத்தைக் கண்ணால பாருங்க. ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ போடுற ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க.

சரி, தங்கச்சிக்குப் பதில். 7,500-ல கரண்ட், தண்ணிக்கு 900, பெட்ரோலுக்கு 600 போனா வாடகை 6,000. அட்வான்ஸை வட்டிக்கு வாங்கினா 5,400 மட்டும்தான். அந்த விலைக்குச் சரியான வீடு அமையலைன்னா, கூட வேலை பார்க்கிற ஒருத்தரோட சேர்ந்து 12,000 வீடு பாருங்கம்மா. சீட்டை மட்டும் நிறுத்திடாதீங்க. அடுத்த வீட்டு அட்வான்ஸ் அதுலதான் வரணும்.