உங்களுக்குத் தெரியுமா? வீட்டோடு ஒரு பாத்தியும் வேண்டும்

வீடிழந்தோருக்கு வீட்டோடு மருத்துவ உதவியும் தரும் குடியிருப்புகளில் தோட்டம் ஆடம்பரம் அல்ல. அமெரிக்காவின் டென்வர் பகுதியில் 291 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. சமூகத் தோட்டத்தில் பாத்தி கிடைத்தவர்கள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட நாளுக்குச் சுமார் 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாக உண்டார்கள். மன அழுத்தமும் பதற்றமும் அவர்களுக்கே அதிகம் குறைந்தன. அவர்கள் வீடிழந்தோர் அல்லவே என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். ஆனால் நெடுநாள் தெருவில் இருந்துவிட்டுத் தனி அறைக்கு வருபவரைத் தனிமை இன்னும் கடுமையாக வாட்டும். தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கி வந்தால் பக்கத்து அறைக்காரரிடம் பேச்சுத் தொடங்கும். முதியோரால் குனிய முடியாதே என்பார்கள். கால் வைத்து உயர்த்திய மரப்பெட்டியில் மண் நிரப்பி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் களை பறிக்கலாம். பழைய நகர மண்ணில் ஈயம் கலந்திருந்தாலும், வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண் பெட்டியில் இருப்பதால் கீரையை நம்பிச் சமைக்கலாம்.