கடலில் கொட்டிய எண்ணெயும் கரையில் எழுந்த கோபமும்



அபிஷேகப்பாக்கம், பாகூர், வில்லியனூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் நெல்லும் கரும்பும் சூழ வாழும் நமக்கு, கடலில் எண்ணெய் கொட்டியது என்னும் செய்தி எங்கோ தொலைவில் நடந்ததாகவே தோன்றும். ஆனால் நல்லவாட்டிலும் வீராம்பட்டினத்திலும் படகு கரையேறினால்தான் நம் வீட்டு அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும். கடல் கெட்டால் முதலில் கெடுவது மீனவன் பிழைப்பு. அடுத்துக் கெடுவது நம் உணவு. ஆகவே, எண்ணெய் கொட்டியவர் யார், அதற்கு ஈடு செய்ய வேண்டியவர் யார், மக்களின் கோபம் எங்கே போய்ச் சேருகிறது என்னும் மூன்று வினாக்களையும் நாம் கேட்டே ஆக வேண்டும்.

எண்ணூர்: முதல் அடி

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அதிகாலை. சென்னைக்கு வடக்கே எண்ணூர் காமராசர் துறைமுகத்தின் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட 'பி.டபிள்யூ. மேப்பிள்'. மற்றொன்று, எண்ணெய்ப் பொருள்களைச் சுமந்து வந்த 'டான் காஞ்சிபுரம்'. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகத் தரப்பின் முதல் அறிவிப்பு கூறியது. அலைகளோ அறிவிப்புகளைப் படிப்பதில்லை! அடுத்த சில நாள்களில் எர்ணாவூர்க் கரையின் பாறைகளில் கறுப்புக் குழம்பு படிந்தது. கடலாமைகள் இறந்து ஒதுங்கின.

கனமான எரியெண்ணெய் கடல்நீரோடு கலந்து அலையில் கடையப்படும்போது தார்போல இறுகிவிடுகிறது. அதன் பருமனும் பெருகுகிறது. உறிஞ்சும் இயந்திரங்கள் அதன் முன் திணறின. அதனால் கடலோரக் காவல் படையினரும், துப்புரவுப் பணியாளரும், மீனவ இளைஞரும், கல்லூரி மாணவரும் வரிசையாக நின்று வாளிகளால் அதை மொண்டெடுத்தனர். வானத்துக்குச் செயற்கைக்கோள் அனுப்பும் நாடு, கடலில் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளியதை உலகமே பார்த்தது. அள்ளிய கைகளைப் பாராட்டுவோம். ஆனால் வாளியைத் தவிர வேறொன்றும் ஆயத்தமாக இல்லாத நிலைக்கு யார் பொறுப்பு என்று கேட்காமல் பாராட்டு மட்டும் வழங்குவது முறையாகுமா?

எண்ணூர்: இரண்டாம் அடி

ஆறு ஆண்டுகள் கடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அவ்வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றின் முகத்துவாரமான எண்ணூர்க் கழிமுகத்தை வந்தடைந்தது. வீடுகளுக்குள் புகுந்த நீர் வடிந்தபோது சுவர்களில் எண்ணெய்க் கோடு நின்றது. வலைகளும் படகுகளும் கறுத்தன. கூழைக்கடாப் பறவைகள் சிறகில் எண்ணெய் ஒட்டிப் பறக்க இயலாமல் தவித்தன. மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலிய நிறுவனம், தன் குழாய்களில் கசிவு இல்லை என்று முதலில் கூறியது. நிறுவன வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதுமானதாக இல்லாமையே எண்ணெய் வெளியேறக் காரணம் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒரே வரிசையைக் காண்கிறோம். முதலில் மறுப்பு; பிறகு 'சிறிதளவுதான்' என்னும் சமாதானம்; கடைசியில் வேறு வழியின்றி ஒப்புதல். எண்ணெய் பரவுவதோ அந்த முதல் நாள்களில்தான். மறுப்பில் கழிந்த ஒவ்வொரு மணி நேரமும் மீனவனின் கணக்கில் எழுதப்பட்ட கடனாகும்.

நிவாரணம் வேறு, ஈடு வேறு

2023ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பின் தமிழ்நாடு அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். பாதிக்கப்பட்ட மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். பட்டினி கிடப்பவனுக்கு உடனே கிடைக்கும் உதவி நல்லதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். அரசுக் கருவூலத்தில் இருப்பது யார் பணம்? தீப்பெட்டி வாங்கும் ஏழையும் செலுத்தும் வரிப்பணம் அல்லவா? கெடுத்தவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர் என்றால் அது இரக்கமாகலாம்; நீதியாகாது. கெடுத்தவரிடமிருந்து அத்தொகை திரும்பப் பெறப்படும்போதுதான் அது நீதியாகும்.

மேலும், 12,500 ரூபாய் சில வாரச் சோற்றுக்கு ஆகும். கழிமுகத்தின் சேற்றில் எண்ணெய் படிந்து, இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கும் இடம் பாழானால் அதன் விலை என்ன?

வயலும் ஆடுகளும்

இவ்விடத்தில் நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. நபி தாவூத் (அலை), நபி சுலைமான் (அலை) ஆகியோரிடம் வந்த வழக்கைத் திருக்குர்ஆன் அல்அன்பியா அத்தியாயத்தில் குறிப்பிடுகிறது. ஒருவருடைய ஆடுகள் இரவில் மற்றொருவரின் விளைநிலத்தில் புகுந்து அழித்துவிட்டன. விரிவுரையாளர்கள் கூறும் விவரம் இது: நட்டத்துக்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரருக்கு அளிப்பது என்பது தந்தையின் தீர்ப்பு. மகனோ இன்னும் நுட்பமான வழி கூறினார். ஆட்டுக்காரர் நிலத்தைப் பண்படுத்தி, பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை ஆடுகளின் பாலும் உரோமமும் நிலத்துக்காரருக்கு உரியவை. நிலம் சீரானதும் அவரவர் பொருள் அவரவரிடம் திரும்பும்.

இதில் இரண்டு கடமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, கெட்டதைக் கெடுத்தவரே சீராக்குதல். மற்றொன்று, சீராகும் வரை பாதிக்கப்பட்டவரின் பிழைப்பைத் தாங்குதல். ஆடுகள் தாமாகப் புகுந்தன, நான் ஏவவில்லை என்னும் வாதம் அங்கே ஈட்டைத் தடுக்கவில்லை. பிறர் பொருளை அழித்தவர், வேண்டுமென்று செய்யாவிடினும், அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது ஃபிக்ஹு நூல்களின் பொதுவிதி. புயல் வந்தது, வெள்ளம் வந்தது என்பதும் அவ்வாறே. எண்ணெய் இருந்த இடத்தை வெள்ளத்திலிருந்து காப்பது யார் பொறுப்பு?

நாட்டின் சட்டம் கூறுவது

நம் நாட்டுச் சட்டமும் இவ்விடத்தையே வந்தடைந்துள்ளது. 1984இல் போபாலில் நச்சுவாயு ஆயிரமாயிரம் உயிர்களைக் குடித்தது. மறு ஆண்டு டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அவ்வழக்கில் 1986 டிசம்பரில், தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, ஆபத்தான தொழில் நடத்துவோர் விபத்துக்கு முழுப் பொறுப்பாளிகள் என்றும், கவனமாகவே இருந்தோம் என்பது விடையாகாது என்றும் தீர்ப்பளித்தது. நிறுவனம் எவ்வளவு பெரியதோ, ஈட்டுத்தொகையும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது.

1996இல் வந்த மற்றொரு தீர்ப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கு அது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்னும் விதி நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உச்சநீதிமன்றம் அதில் உறுதி செய்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் பெரும்பங்கு வகித்தனர் என்பது யாவரும் அறிந்ததே. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. எண்ணெய் நிறுவனத்தை நோக்கி விரல் நீட்டும் நாம், அந்த விரல் நம் உறவினரை நோக்கித் திரும்பும்போது மடக்கிக்கொள்ளலாகாது. கிணற்று நீர் உப்பாகிப்போன உழவனுக்கும் வலை கறுத்துப்போன மீனவனுக்கும் வெவ்வேறு நீதி கிடையாது.

கோபத்தின் ஆயுள்

உலகம் எங்கும் இதே கதைதான். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் காலன் எண்ணெய் கொட்டியது. 1994இல் நடுவர் குழு விதித்த தண்டத் தொகை 500 கோடி டாலர். நிறுவனம் மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு செய்தது. 2008இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதனை ஏறத்தாழ 50 கோடி டாலராகக் குறைத்தது. பத்தொன்பது ஆண்டுகளில் காத்திருந்தோர் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர்!

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' துரப்பணத் தளம் வெடித்துப் பதினொரு தொழிலாளர் மாண்டனர். எண்ணெய்க் கிணறு 87 நாள்கள் கக்கிக்கொண்டே இருந்தது. பி.பி. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி, தமக்குப் பழைய வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று பேசியது மக்களின் ஆத்திரத்தைக் கொழுந்துவிட்டு எரியச் செய்தது. அவர் பதவி இழந்தார். அத்தோடு நில்லாமல் அரசும் மாநிலங்களும் ஆண்டுக்கணக்கில் வழக்கை விடாமல் நடத்தியதால், 2016இல் 2,080 கோடி டாலர் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் வழங்கியது. அண்டை நாடான இலங்கையில், 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலுக்காக 100 கோடி டாலர் ஈடு வழங்க 2025 ஜூலையில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? கோபம் வைக்கோல் தீயைப் போன்றது. சடுதியில் எரிந்து சடுதியில் அணையும். நிறுவனங்கள் அது அணையும்வரை காத்திருக்கின்றன. அக்கோபம் தெளிவான கோரிக்கையாக மாறினால் மட்டுமே பலன் உண்டு. 2023 மார்ச்சில் நாகூர்ப் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, மீனவ மக்கள் வெறுமனே முழக்கமிடவில்லை. குழாயையே அகற்ற வேண்டும் என்று ஒரே குரலில் நின்றனர். பேச்சுவார்த்தைக்குப் பின் நிறுவனம் அதற்கு இணங்க நேர்ந்தது.

நாம் செய்ய வேண்டியவை

நாளை நம் புதுவைக் கரையிலும், காரைக்காலிலும் இந்நிலை வரக்கூடும். அன்று செய்ய வேண்டியவற்றை இன்றே அறிந்துகொள்வோம். பாதிக்கப்பட்டவர் படகு, வலை, அன்றாட வருமானம், மருத்துவச் செலவு ஆகியவற்றை நாள் குறித்து எழுதி வைக்க வேண்டும். படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் இல்லாத இழப்பை எந்தத் தீர்ப்பாயமும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க நம் வீட்டுப் படித்த பிள்ளைகள் முன்வரலாம். எண்ணெய் படியாத கரையின் மீனையும் வதந்தியால் ஒதுக்கி, கூடை சுமந்து வரும் சகோதரியை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதீர்கள். மாசு என்று அதிகாரிகள் அறிவித்த பகுதி எது என்பதைக் கேட்டறிந்து நடவுங்கள்.

நம் அடுப்பில் எரியும் வாயுவும், நம் வண்டியில் ஊற்றும் பெட்ரோலும் அந்தக் கப்பலிலும் குழாயிலும் வருபவையே. அதன் நலனை நாம் நுகர்கிறோம். கேட்டை மட்டும் எண்ணூர் மீனவன் நுகர்கிறான். அவனுக்குரிய ஈடு கிடைக்கும்வரை அவனோடு சேர்ந்து கேட்பது நாம் அவனுக்குச் செய்யும் தருமமன்று. நாம் அவனுக்குப் பட்டிருக்கும் கடன்.