கரிந்த விதையை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

ஜவ்வாது மலைத்தொடருக்கு மேற்கே, திருப்பத்தூர் வட்டாரத்தில் இருக்கிறது பையம்பள்ளி. இந்தியத் தொல்லியல் துறை 1964-65, 1967-68 ஆண்டுகளில் அங்கு அகழாய்வு நடத்தியது. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடத்தில் கற்கோடரிகளோடு கரிந்த கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கற்கோடரியை யாரும் தவறவிட மாட்டார்கள். ஒரு கரித்துணுக்கு இன்ன பயறுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நெருப்பு காத்தது

மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நம் மண்ணில் விழுந்த விதை விரைவில் மக்கிவிடும். அடுப்பில் சிந்திய விதை அப்படியல்ல. காற்று அதிகம் படாத சூட்டில் அது சாம்பலாகாமல் கரியாகிறது. கரியை நுண்ணுயிர்கள் எளிதில் தின்பதில்லை. அதனால் உருவம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கிறது.

அடுப்பு, குப்பைக் குழி, சாம்பல் படிவு என ஒவ்வோர் இடத்து மண்ணையும் தனித்தனிப் பையில் கட்டி, குழி எண்ணையும் ஆழத்தையும் எழுதுவார்கள். அதைத் தண்ணீரில் கலக்கினால் மண் அடியில் தங்கும், கரி மிதக்கும். மிதப்பதை அரை மில்லிமீட்டருக்கும் நுண்ணிய சல்லடையில் பிடித்து, வெடித்துவிடாமல் நிழலில் உலர்த்துவார்கள்.

பருப்புக்குள் ஒரு தடம்

கரிந்தபின் பச்சைப்பயறும் உளுந்தும் ஒன்றுபோலவே தெரியும். நிறம் போயிருக்கும், தோலும் பெரும்பாலும் உரிந்திருக்கும். பிளந்த பருப்பை நுண்ணோக்கியில் வைத்தால் முளைக்குருத்து பதிந்திருந்த தடம் தெரியும். பச்சைப்பயறில் அது பருப்பின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. உளுந்தில் பாதி அளவே. தோல் மிஞ்சியிருந்தால் விதைத்தழும்பு உதவும்: உளுந்தில் அது விளிம்பு கட்டிப் புடைத்திருக்கும், பச்சைப்பயறில் தோலோடு சமமாக இருக்கும்.

சிறுதானியங்களில் இன்னும் கவனம் தேவை. இந்தியாவில் பழங்காலக் கேழ்வரகு என்று அறிவிக்கப்பட்ட மணிகளை மறுஆய்வு செய்த தாவரத் தொல்லியலாளர் டோரியன் ஃபுல்லர், அவற்றில் பலவற்றை ஏற்க முடியாது என்று காட்டினார். கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர். உள்ளூர்த் தானியத்தைக் கேழ்வரகு என்று எழுதிவிட்டால், இரு கண்டங்களுக்கு இடையே பயிர் பரிமாறிய காலமே பிழையாகிவிடும்.

விதை தந்த காலக்கணக்கு

பழனி அருகே பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றிலிருந்த நான்கு கால் சாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் பொ.ஆ.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அதே ஈமச்சின்னத்தில் பிராமி எழுத்து பொறித்த பானைத்தாங்கியும் இருந்ததால், எழுத்தின் காலத்துக்கும் அந்த நெல்லே சான்றானது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் இருந்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது.

மலையில் இருக்கும் அளவுகோல்

பழைய கரியை அடையாளம் காண, இன்றைய விதைகளைக் கரித்து அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். ஜவ்வாது மலை உழவர்கள் இன்றும் சாமையும் தினையும் கொள்ளும் விதைக்கிறார்கள். அந்த நாட்டு ரகங்கள் மறைந்தால் ஒப்பிட இணையின்றிப் போகும் பழைய மணிகள் பல. கரியும் ஒப்பிடும் விதையும் இரண்டுமே தேவை. ஆகவே அகழாய்வு மண்ணைத் தண்ணீரில் அலசிப் பார்ப்பது எல்லாக் குழிகளிலும் கட்டாயமாக வேண்டும். மலை ரகங்களை ஊர்ப் பெயரோடும் உழவர் சொல்லும் பெயரோடும் சேகரிப்பதும் அதே அகழாய்வுத் திட்டத்தில், அதே நிதியில் நடக்க வேண்டும்.