சாட்பாட்டிடம் மட்டும்தான் மனம் திறக்கிறீர்களா?

'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறாய்?' பிள்ளைகளிடம் நாம் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பில்லை, ஆனால் பதிலை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. தேர்வுக்குத் தயாராகும் மாணவி நாலு மணி நேரம் திரையைப் பார்த்திருப்பாள், ஒரு கெடுதலும் வந்திருக்காது. இன்னொருவர் அரை மணி நேரம்தான் ஏஐயிடம் பேசுகிறார். ஆனால் மனைவியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, வீட்டில் வாயே திறப்பதில்லை. நாம் கவலைப்பட வேண்டியது இவரைப் பற்றித்தான். எவ்வளவு நேரம் என்று கேட்பதோடு, எதை விட்டுவிட்டு என்றும் கேட்க வேண்டும்.

இது எப்படித் தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கல்லூரி விடுதியில் ஒரு பெண். நெருங்கிய தோழி அவளுடைய பிறந்தநாளுக்கு வரவில்லை. இரவு ஒரு மணிக்கு அந்த வருத்தத்தைச் சாட்பாட்டில் தட்டச்சு செய்கிறாள். 'நீங்கள் இப்படி உணர்வது நியாயம்தான். உங்கள் நட்புக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை' என்று உடனே பதில் வருகிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளிடம் இதையே சொல்லியிருந்தால், 'அவ அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு அன்னிக்கே சொன்னாளே, மறந்துட்டியா?' என்று கேட்டிருப்பாள். இயந்திரத்துக்கு அது தெரியாது. ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, 'அவருக்கு அனுப்ப ஒரு மெசேஜ் எழுதித் தரட்டுமா?' என்று அடுத்த படிக்கும் கூப்பிடுகிறது. மெசேஜ் போகிறது. தோழி அனுப்பும் பதிலும் 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்ற கேள்வியோடு அதே பெட்டிக்குள் வந்து விழுகிறது. சில வாரங்களில் தோழியிடம் நேரில் பேசவே தயக்கம் வந்துவிடும்.

அந்தப் பெண்ணின் மனம் பலவீனமானது என்று சொல்லிக் கடந்துபோவது அநியாயம். பேசும் இயந்திரத்தின் மேல் மனிதருக்குப் பற்று வருவது புதிதல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசஃப் வைசன்பாம் 1966-ல் 'எலிசா' என்ற சிறிய உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொல்வதையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல் அது. அவர் அதை உருவாக்கியதை மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில், 'நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா' என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். எலிசாவே அப்படி ஈர்த்தது என்றால் இன்றைய சாட்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, அது நமக்குப் பிடித்ததையே பேசவும் பழகியிருக்கிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம், சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு பயனாளர்களுக்கு அளவுக்கு மீறி ஆமாம் போடுவதாக ஒப்புக்கொண்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

அந்த நிறுவனமும் எம்ஐடி மீடியா லேபும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2025 மார்ச்சில் வெளியானது. சுமார் ஆயிரம் பேரை நான்கு வாரம் கவனித்ததில், தினமும் அதிக நேரம் சாட்பாட்டைப் பயன்படுத்தியவர்களிடம் தனிமையும் சார்ந்திருத்தலும் கூடுதலாகவும், மனிதர்களோடு பழகுவது குறைவாகவும் இருந்தன. தனிமையில் இருப்பவர்கள் அதை அதிகம் நாடுகிறார்களா, அதிகம் நாடியதால் தனிமை கூடியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும் என்பதே என் பயம்.

ஏஐ சார்பு என்று தனி நோய் எதுவும் மருத்துவப் பட்டியலில் இல்லை. ஆனால் வீடியோ கேம் அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் தன் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பட்டியலில் அதற்குச் சொல்லியிருக்கும் அடையாளங்கள் நமக்கும் உதவும். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, மற்ற வேலைகளையும் விருப்பங்களையும் அது பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் வருவது தெரிந்தும் தொடர்வது. இவற்றோடு நான் கவனிக்கச் சொல்வது இன்னும் சில. இரண்டு வரி மெயிலைக்கூடச் சொந்தமாக எழுதக் கை வராமல் போவது, என்ன சாப்பிடலாம் என்பதைக்கூட அதனிடம் கேட்பது, அதனுடன் பேசியதை வீட்டாரிடம் மறைப்பது, சர்வர் கொஞ்ச நேரம் படுத்துவிட்டால் பதறுவது. மனிதரோடு பேசினால் சலிப்பாக இருக்கிறது, அதுதான் என்னைப் புரிந்துகொள்கிறது என்று தோன்ற ஆரம்பித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த ஆபத்து மிகப் பெரியது. வாரந்தோறும் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துவோரில் 0.15 சதவீதம் பேரின் உரையாடல்களில் தற்கொலை குறித்த வெளிப்படையான அறிகுறிகள் தெரிவதாக ஓப்பன்ஏஐ 2025 அக்டோபரில் சொன்னது. அப்போதைய எண்பது கோடிப் பயனாளர்களில் அது ஏறத்தாழ 12 லட்சம் பேர். அமெரிக்காவில் பதின்வயதுப் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இத்தகைய நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். கற்பனைப் பாத்திரங்களோடு பேச வழி செய்யும் கேரக்டர்.ஏஐ, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அவற்றோடு தடையின்றி உரையாடுவதை 2025 நவம்பரில் நிறுத்தியது.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? மனநல மருத்துவரிடம் நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. சாட்பாட்டிடம் சொன்னதற்கு அந்தக் காப்பு கிடையாது. ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில் இதை வெளிப்படையாகச் சொன்னார். அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவது அதே சட்டத்தின் 18-வது பிரிவு தரும் உரிமை. யாரும் நமக்குச் செய்யும் உபகாரம் இல்லை. உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21-வது பிரிவு காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் தருவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். நம் தரவை அழிக்கச் சொல்லலாம். 18 வயது ஆகாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதற்கும் தடை உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 2027 மே வரை அவகாசம் கொடுத்திருப்பது நீளம் என்பது என் கருத்து. சந்தாவில் சேர ஒரே தட்டு, விலகப் பத்துப் பக்கம் என்று அலைக்கழிக்கும் செயலிகள்மீது இப்போதே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அத்தகைய 13 ஏமாற்று வடிவமைப்புகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். சாட்பாட்டின் நினைவக வசதியையும் அணைத்து, பழைய உரையாடல்களை அழியுங்கள். போன் இரவில் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். எதை எழுதினாலும் முதல் வரைவு உங்களுடையதாக இருக்கட்டும், திருத்தத்துக்கு வேண்டுமானால் அதைக் கேளுங்கள். மனக்கஷ்டம் என்றால் முதலில் ஒரு மனிதரிடம் சொல்லுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். பிள்ளைக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையைப் பறித்ததாகத்தான் அவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். 'அதுகிட்ட என்ன பேசுவே, எனக்கும் சொல்லேன்' என்று கேட்டு, திட்டாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பதே சரி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே 2014 முதல் 'ஷட்' கிளினிக் இயங்குகிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ வந்தால், அதைத் திரையில் தட்டச்சு செய்துகொண்டிருக்காமல் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.