கணிப்புப் பிழை யார் தலையில்?

கைக்குழந்தைக்குத் தேவைப்படும் டயாபர்களின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. பண்டிகையோ, சம்பளத் தேதியோ, தள்ளுபடி விற்பனையோ அதைக் கூட்டிக் குறைத்துவிடாது. ஆனால் 'பேம்பர்ஸ்' டயாபரைத் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் அதிகாரிகள் 1990-களில் தங்கள் ஆர்டர் கணக்குகளைப் புரட்டியபோது திகைத்துப்போனார்கள். கடைகளில் விற்பனை ஓரளவுதான் ஏறி இறங்கியிருந்தது. மொத்த விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த ஆர்டர்களோ தாறுமாறாக ஏறி இறங்கியிருந்தன. மூலப்பொருளுக்காக நிறுவனமே 3எம் போன்றவர்களுக்கு அனுப்பிய ஆர்டர்கள் அதையும் மிஞ்சின.

யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சோம்பேறித்தனம் காட்டவுமில்லை. அவரவர் இடத்தில் அவரவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். பிறகு எப்படி இது நடக்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கடையில் வாரம் 100 பொட்டலம் விற்கிறது. இரண்டு வார விற்பனைக்கான சரக்கு, அதாவது 200 பொட்டலம், எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது கடைக்காரரின் வழக்கம். விநியோகஸ்தருக்கும் தயாரிப்பாளருக்கும் அதே வழக்கம்தான். ஒரு வாரம் விற்பனை 110 ஆகிறது. கடையில் மீதி 90. இனி வாரம் 110 போகும் என்று நினைக்கும் கடைக்காரர், கையிருப்பை 220 ஆக்க 130 ஆர்டர் செய்கிறார். விநியோகஸ்தர் தன்னிடமிருந்த 200-இல் 130-ஐ அனுப்பிவிட்டார், மீதி 70. அவர் கண்ணில் பட்ட 'விற்பனை' 130. எனவே 260 தேவை என்று 190 ஆர்டர் போடுகிறார். தயாரிப்பாளர் 190-ஐ அனுப்பியதும் அவரிடம் மிஞ்சுவது 10. அவர் 380 வைத்திருக்க விரும்பி, 370 பொட்டலத்துக்கான மூலப்பொருளைக் கேட்கிறார். வாடிக்கையாளர் கூடுதலாகக் கேட்டது 10 பொட்டலம். சங்கிலியின் மறுமுனைக்குப் போகும்போது அது கூடுதலாக 270 ஆகிவிட்டது.

அடுத்த வாரமும் விற்பனை அதே 110 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 110 கேட்பார், விநியோகஸ்தர் 70 கேட்பார். தயாரிப்பாளரிடம் 310 பொட்டலம் தேங்கிக் கிடக்கும், அவருக்கோ 140 போதும். மூலப்பொருள் தருபவருக்கு அந்த வாரம் ஒரு ஆர்டர்கூட வராது. முந்தைய வாரம் ஓவர்டைம் பார்த்த தொழிலாளி இந்த வாரம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார். கடையில் பொருள் வாங்கிய எவருக்கும் இது தெரியாது.

இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் பிடித்தவர் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு அமெரிக்காவின் கென்டக்கியில் வீட்டு உபயோகப் பொருள் ஆலைகள் இருந்தன. சில காலம் மூன்று ஷிப்ட் ஓடும், சில ஆண்டுகள் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஏன் என்று நிர்வாகிகளுக்கே புரியவில்லை. சந்தை மந்தம் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஃபாரெஸ்டர் அவர்களுடைய ஆர்டர் விதிகளையும் ஆள் எடுக்கும் விதிகளையும் கேட்டறிந்து, தாளில் பென்சிலால் வாரம் வாரமாகக் கணக்குப் போட்டார். வெளியே தேவை சீராக இருந்தாலும், அந்த விதிகளே அலையை உண்டாக்கும் என்று தெரிந்தது. 1958-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1997-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாவ் லீயும் அவருடைய சகாக்களும் பேம்பர்ஸ் கதையை எடுத்துக்காட்டி இதன் காரணங்களை விளக்கினார்கள். கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு என்பதால் இன்று இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு விநியோகச் சங்கிலிக்குள் வந்த கதையைச் சொல்ல இவ்வளவு தூரம் பின்னால் போனதற்குக் காரணம் உண்டு. கிடங்கில் ஓடும் ரோபோக்களும் லாரிக்கு வழி சொல்லும் மென்பொருள்களும்தான் செய்திகளில் வருகின்றன. ஆனால் அந்தத் தொழில்நுட்பம் அதிகம் உழைப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: நாளை எந்தக் கடையில் எது எத்தனை விற்கும் என்ற கணிப்பில். அந்த எண்ணிலிருந்துதான் ஆர்டர், கையிருப்பு, லாரி, ஷிப்ட் எல்லாம் பிறக்கின்றன.

இந்தக் கணிப்பு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்குப் பொதுவெளியில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் என்ற கிரேக்க அறிஞர் 1980-களிலிருந்தே கணிப்பு முறைகளுக்கிடையே போட்டி நடத்திவருகிறார். 2020-இல் நடந்த ஐந்தாவது போட்டிக்கு வால்மார்ட் தன் உண்மையான விற்பனைக் கணக்கைக் கொடுத்தது. கலிஃபோர்னியா, டெக்சஸ், விஸ்கான்சின் மாநிலங்களின் 10 கடைகள், 3,049 பொருள்கள், ஐந்தாண்டுக்கும் மேலான தினசரி விற்பனை. அடுத்த 28 நாட்களின் விற்பனையைச் சொல்ல வேண்டும். 5,500-க்கும் மேற்பட்ட அணிகள் மோதின.

அவற்றுக்கு எதிரே அளவுகோலாக நின்ற முறைகளில் முதன்மையானது, 1950-களில் ராபர்ட் பிரவுன், சார்லஸ் ஹோல்ட் போன்றோர் அமெரிக்கக் கடற்படைக்கான பணிகளின் ஊடே உருவாக்கிய எளிய சூத்திரம். அண்மை விற்பனைக்கு அதிக எடை, பழைய விற்பனைக்குக் குறைந்த எடை கொடுத்துச் சராசரி எடுப்பது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிழட்டுச் சூத்திரத்தைத் தாண்ட முடிந்த அணிகள் 7.5 சதவீதமே. முதலிடம் பிடித்தவர் தென்கொரியாவின் கியுங் ஹீ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். அவருடைய கணிப்பு பழைய சூத்திரத்தைவிட 22 சதவீதத்துக்கும் மேல் துல்லியமாக இருந்தது.

அவர் பயன்படுத்தியது முடிவு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இயந்திரக் கற்றல் முறை. முதல் மரம் கணிக்கிறது, அது விட்ட பிழையை அடுத்த மரம் திருத்தப் பார்க்கிறது, அதன் பிழையை அதற்கடுத்தது. இந்த முறையின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய சூத்திரம் ஒவ்வொரு பொருளையும் தனியாகப் பார்த்தது. ஒரு கடையில் ஒரு பொருள் பல நாட்கள் ஒன்றுகூட விற்காமல் கிடக்கும். அந்தச் சுழிய வரிசையை மட்டும் பார்த்து எதைக் கற்பது? புதிய முறை ஆயிரக்கணக்கான பொருள்களின் வரலாற்றைச் சேர்த்துப் படிக்கிறது. விலை குறைந்தால் என்ன ஆகும், ஞாயிறு எப்படி, பண்டிகைக்கு முந்தைய நாள் எப்படி என்று ஒன்றிடம் கற்றதை இன்னொன்றுக்குப் பொருத்துகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு தரும் உணவு உதவியைப் பயன்படுத்தும் தேதிகள்கூட வால்மார்ட் கொடுத்த தரவில் மாநிலவாரியாக இருந்தன. மாதத்தின் எந்த நாளில் ஒரு குடும்பத்தின் கையில் காசு இருக்கும் என்பதையும் கணிப்பு கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

பலரும் பேசாத பகுதி ஒன்று உண்டு. மாநில அளவில், துறை அளவில் கூட்டிப் பார்த்தபோதுதான் அந்த முன்னேற்றம் பெரிதாகத் தெரிந்தது. இந்தக் கடை, இந்தப் பொருள், இந்த நாள் என்று அடிமட்டத்துக்கு வந்தபோது அது வெகுவாகச் சுருங்கிவிட்டது. தனி மனிதர் ஒருவர் நாளைக்கு எதை வாங்குவார் என்பதில் ஒரு பகுதி எவ்வளவு தரவு இருந்தாலும் பிடிபடாது. பிழை குறையும், மறையாது.

ஆகவே இத்துறையின் நல்ல கணிப்பாளர்கள் ஒற்றை எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டார்கள். அமேசான் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட 'டீப்ஏஆர்' போன்ற நரம்பு வலைப்பின்னல்கள், நாளை விற்பனை 40-க்குள் இருக்க இவ்வளவு வாய்ப்பு, 60-க்குள் இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று முழு நிகழ்தகவுப் பரவலையும் தருகின்றன. அதிலிருந்து எத்தனை வாங்கி வைப்பது? இதற்கான கணக்கு எழுபது ஆண்டுக்கும் மேல் பழையது. நாளிதழை 3 ரூபாய்க்கு வாங்கி 5 ரூபாய்க்கு விற்பவருக்கு, ஒரு பிரதி குறைந்தால் 2 ரூபாய் நஷ்டம், மிஞ்சினால் 3 ரூபாய் நஷ்டம். இரண்டைக் கூட்டினால் 5, அதில் 2 பங்கு, அதாவது 40 சதவீதம். தேவை எந்த எண்ணுக்குள் அடங்க 40 சதவீத வாய்ப்பு இருக்கிறதோ அத்தனை பிரதிகள் வாங்கினால் போதும். இன்சுலினுக்கு இதே கணக்கைப் போட்டால் விடை 99-ஐத் தாண்டும், தாண்ட வேண்டும்.

பிழையின் விலை என்ன என்பதை இயந்திரம் கண்டுபிடிப்பதில்லை. அதை நிறுவனம் எழுதிக் கொடுக்கிறது. கொடுக்கும்போது தன் நஷ்டத்தை மட்டும் எழுதுகிறது. என் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான்.

அதற்கு முன் தரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விற்பனை வேறு, தேவை வேறு. அலமாரி காலியாக இருந்த நாளில் விற்பனை சுழியம். கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் கணினியில் பதிவாவதில்லை. அந்தச் சுழியத்தைத் தேவையின்மை என்று படித்துக்கொள்ளும் மென்பொருள் அடுத்த முறை இன்னும் குறைவாக ஆர்டர் போடும், அலமாரி இன்னும் சீக்கிரம் காலியாகும். கணினிக் கணக்கில் ஐந்து பொட்டலம் இருப்பதாகக் காட்டி, உண்மையில் ஒன்றும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இருப்பதாக நம்புவதால் ஆர்டரே போகாது. இது அபூர்வமும் அல்ல. ஒரு பெரிய அமெரிக்கச் சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 கையிருப்புப் பதிவுகளை நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் என்ற ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள். 65 சதவீதம் தவறாக இருந்தன என்று 2008-இல் எழுதினார்கள்.

நேற்றைப் போல நாளை இராத காலமும் வரும். 2020 மார்ச்சில் உலகம் வீட்டுக்குள் அடைபட்டபோது, மளிகையை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் இன்ஸ்டாகார்ட் நிறுவனத்தில், ஒரு பொருள் கடையில் கிடைக்குமா என்று சொல்லும் கணிப்பு மாதிரியின் துல்லியம் 93 சதவீதத்திலிருந்து 61-க்கு விழுந்தது. அந்த நிறுவனம் மாதிரியைப் புதிய தரவில் பயிற்றுவித்துச் சரிசெய்துகொள்ள முடிந்தது. அதே வாரங்களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆடை நிறுவனங்கள் வங்கதேசத்தில் சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன. துணி வெட்டி, தைத்து, பெட்டியில் அடுக்கிய சரக்கும் அதில் அடக்கம். அங்கே பிழையைச் சுமந்தது கணிப்பு மாதிரி அல்ல, தையல் மேசையில் இருந்த பெண்கள்.

இந்தச் சுமை மாற்றம் நெருக்கடிக் காலத்தில் மட்டும் நடப்பதல்ல. எந்த மணி நேரத்தில் எத்தனை பேர் கடைக்கு வருவார்கள் என்று கணிக்கும் மென்பொருள் பணியாளரின் ஷிப்டையும் போடுகிறது. கூட்டம் வராது என்று திரையில் தெரிந்தால், கிளம்பி வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நிறுவனத்துக்குக் கூலி மிச்சம். குழந்தையை எங்கே விடுவது, இந்த மாத வாடகைக்கு எவ்வளவு குறையும் என்ற நிச்சயமின்மை பணியாளருக்கு. சியாட்டில் நகரம் 2017-இலும் ஓரிகன் மாநிலம் 2018-இலும் இதற்கான சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பெரிய சில்லறை, உணவு நிறுவனங்கள் ஷிப்டை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், இன்று இரண்டு இடங்களிலும் அது 14 நாட்கள். பிறகு மாற்றினால் ஈட்டுத்தொகை தர வேண்டும். எனக்கு இந்தச் சட்டங்கள் பிடித்திருப்பதற்குக் காரணம், இவை மென்பொருளைத் தடுக்கவில்லை என்பதுதான். பிழைக்கு ஒரு விலையை எழுதிவிட்டன. அந்த விலை கணக்குக்குள் போனதும் அதே மென்பொருள் வேறு விடை தரும்.

சாட்டை விளைவுக்கு அறிஞர்கள் சொன்ன மருந்துகளில் முக்கியமானதும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடை விற்பனையைச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் நேரடியாகப் பார்க்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் தயாரிப்பாளர் 190-க்குப் பதிலாக 110-ஐப் பார்த்திருந்தால் 370 கேட்டிருக்க மாட்டார். வால்மார்ட்டும் பிராக்டர் அண்ட் கேம்பிளும் 1980-களின் இறுதியிலேயே அப்படித் தகவலைப் பகிரத் தொடங்கின. கடைக்காரர் மட்டும் சிறந்த நுண்ணறிவை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் கணிப்பை மறைத்து, மணிக்கொரு முறை ஆர்டரை மாற்றினால் பின்னால் இருப்பவர்களுக்குச் சாட்டை இன்னும் வேகமாக வீசும்.

பிரிட்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளைக் கட்டுப்படுத்தும் மளிகைக் கொள்முதல் விதித்தொகுப்பு 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கணிப்புப் பிழைக்கென்றே ஒரு பிரிவு உண்டு. சூப்பர் மார்க்கெட்டின் தவறான கணிப்பால் பொருள் தருபவருக்கு ஏற்படும் செலவை சூப்பர் மார்க்கெட்டே முழுமையாக ஈடுகட்ட வேண்டும். ஆனால் பொருள் தருபவரைக் கலந்துகொண்டு, நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் கணித்திருந்தால் விலக்கு. யாரையும் கலக்காமல் ஒரு நரம்பு வலைப்பின்னல் நள்ளிரவில் போட்ட கணிப்பு இந்த விலக்குக்குள் வருமா என்று பொருள் தருபவர்கள் கேட்க இடமிருக்கிறது, கேட்கவும் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமைகூட மளிகைப் பொருள் தருபவர்களுக்குத்தான். சட்டையும் பனியனும் தைத்து அனுப்பும் டாக்காவுக்கும் திருப்பூருக்கும் அந்த விதி பொருந்தாது.